முதல்வரைப் பேசுகிறோம், எம்.எல்.ஏ.வுக்குப் போடுகிறோம்

2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் முதல்வர் வேட்பாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜெயலலிதா, கருணாநிதி, விஜயகாந்த், அன்புமணி, சீமான் என்று வரிசையாக நின்றார்கள். டீக்கடையிலும் பேருந்திலும் சலூனிலும் நடந்த வாதமெல்லாம் இவர்களைப் பற்றித்தான். டாஸ்மாக்கை யார் மூடுவார், 2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் என்ன செய்தார், மூன்றாவது அணிக்குப் போட்டால் ஓட்டு வீணாகிவிடுமா என்றெல்லாம் பேச்சு ஓடியது. முடிவும் அந்தச் சூட்டுக்கு ஏற்றபடிதான் வந்தது. அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. கூட்டணிக்கும் மாநில அளவில் ஏறக்குறைய ஒரு சதவீத ஓட்டுதான் வித்தியாசம். தேர்தல் நடந்த 232 இடங்களில் அந்த ஒரு சதவீதம் 134-க்கு 98 என்று விரிந்தது. ஒவ்வொரு ஓட்டுக்கும் இவ்வளவு மதிப்பிருந்த தேர்தலில் ஒரு கேள்வி மட்டும் ஓரத்தில் கிடந்தது. நம் தொகுதியில் நிற்கிற ஆள் யார், அவர் எப்படிப்பட்டவர்?

அந்தக் கேள்வி ஓரம்போனதற்கு வாக்காளரை மட்டும் குறைசொல்ல முடியாது. கட்சிகளே அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. 234 தொகுதியிலும் தலைவரே நிற்கிறார் என்று நினைத்துப் போடுங்கள் என்பது நம் மேடைகளில் பழகிப்போன பேச்சு. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. தன்னோடு சேர்ந்த சிறு கட்சிகளையும் இரட்டை இலைச் சின்னத்திலேயே நிறுத்தியது. எந்தத் தொகுதிக்குப் போனாலும் இலை இருந்தது. இலைக்குப் பின்னால் யார் இருந்தால் என்ன? வேட்பாளர் என்பவர் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வரும் ஆள், அவ்வளவுதான் என்றாகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். மே 23 அன்று பதவியேற்ற ஜெயலலிதா டிசம்பர் 5 அன்று மறைந்தார். அவருக்காக ஓட்டுப் போட்டவர்களின் தேர்வு ஆறரை மாதத்தில் முடிந்துபோனது; மிச்சம் நாலரை ஆண்டு ஆட்சி, இலைக்குப் பின்னால் இருந்தவர்களின் கையில் வந்தது. ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார், 2017 பிப்ரவரி 5-இல் ராஜினாமா செய்தார், இரண்டே நாளில் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் அமர்ந்து கலகக் குரல் எழுப்பினார். ஜெயலலிதாவின் தோழி சசிகலாவை முதல்வராக்க ஆதரவு தந்த எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதிக்குப் போனார்கள். பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவுக்கான தண்டனையை உறுதிசெய்தது; 16-இல் எடப்பாடி பழனிசாமி பதவியேற்றார்; 18-இல் நம்பிக்கை வாக்கெடுப்பு. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட அவையில் 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. எம்.எல்.ஏ.க்கள் தொகுதிக்குப் போய் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு வரட்டும் என்று பன்னீர்செல்வம் தரப்பு கேட்டது, நடக்கவில்லை. அந்த நாட்களில்தான் பல தொகுதி மக்கள் தங்கள் எம்.எல்.ஏ.வின் கைப்பேசி எண்ணைத் தேடிப் பிடித்து, இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். தேர்தலுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய உரையாடல் ஒன்பது மாதம் பிந்தி நடந்தது. போன் எடுக்கவும் ஆளில்லை.

இது எப்போதோ ஒருமுறை நடக்கிற விபத்து, இதை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று சொல்லலாம். தமிழ்நாட்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1969-இல் அண்ணா, 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா என மூன்று முதல்வர்கள் பதவியிலேயே மறைந்த மாநிலம் இது. மூன்று முறையும் அடுத்த முதல்வரைத் தீர்மானித்தவர்கள் எம்.எல்.ஏ.க்கள். நெடுஞ்செழியனா கருணாநிதியா என்ற கேள்விக்கு 1969-இல் தி.மு.க. உறுப்பினர்கள்தான் விடை சொன்னார்கள். எம்.ஜி.ஆருக்குப் பிறகு அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிரிந்ததில் 1988 ஜனவரியில் அவையே கலவரக் களமாகி ஆட்சி கலைக்கப்பட்டது. 2016-இலும், வெற்றி மறுபக்கம் போயிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்காது. வயது தொண்ணூறைக் கடந்திருந்த கருணாநிதி அந்த ஆண்டின் இறுதியிலேயே உடல்நலம் குன்றி அரசியலிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. ஊரெல்லாம் வாதிட்ட இரண்டு பெரிய பெயர்களும் ஒரு வருடத்துக்குள் களத்தில் இல்லை. அந்த வருடத் தேர்தலில் நிலைத்து நின்ற தேர்வு எம்.எல்.ஏ. மட்டுமே.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கும்போது எம்.எல்.ஏ.வின் சொந்த மனசாட்சிக்கு என்ன வேலை, கொறடா சொன்னபடி வாக்களிக்கப்போகிறவர் நல்லவரானால் என்ன, கெட்டவரானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் படித்தவர்கள் அடிக்கடி வைக்கும் வாதம் இது; கனமான வாதமும்கூட. 1985-இல் வந்த அந்தச் சட்டம் உறுப்பினரின் கையைக் கட்டியது உண்மை. ஆனால் கட்டு எவ்வளவு இறுக்கம் என்பதற்கும் 2017-தான் சாட்சி. நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேரின் பதவி போகவில்லை. ஆகஸ்டில் பன்னீர்செல்வம், பழனிசாமி அணிகள் இணைந்தபின், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பர் 18-இல் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். எதிர்த்து வாக்களித்தவர் தப்பினார், கடிதம் கொடுத்தவர் பதவி இழந்தார். சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதியிடம் வழக்கு போய், 2018 அக்டோபரில்தான் தகுதிநீக்கம் செல்லும் என்று முடிந்தது. சட்டம் எல்லாவற்றையும் எந்திரம்போல நடத்திவிடும் என்று நம்பி வேட்பாளரைப் பார்க்காமல் விடுவது, இதற்குப் பிறகும் சரியாகுமா? அந்த 18 தொகுதிகளின் மக்கள் 2019 மே வரை, இருபது மாதம் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்தார்கள். முதியோர் உதவித்தொகைக்குப் பரிந்துரை வேண்டி யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றவருக்கு, எம்.எல்.ஏ. வெறும் கைதூக்கும் பொம்மை என்ற தத்துவம் ஆறுதல் தந்திருக்காது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவரைப் பார்த்து ஓட்டுப் போடுவது முட்டாள்தனம் இல்லை. ரேஷன் அரிசி, மதிய உணவு, மகளிர் திட்டங்கள், மின்கட்டணம் எல்லாம் கோட்டையில் முடிவாகின்றன, தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் அல்ல. நல்லவர் என்ற ஒரே காரணத்துக்காக, ஆட்சிக்கு வர வாய்ப்பே இல்லாத கட்சியின் வேட்பாளருக்குப் போடச் சொல்வது ஏழை வாக்காளரிடம் கேட்கக் கூடாத தியாகம். நான் சொல்வது அதைவிடச் சிறியது. கட்சியை முடிவுசெய்த பிறகும் வேட்பாளரைப் பற்றிய வாதம் தொடர வேண்டும். தான் விரும்பும் கட்சி தவறான ஆளை நிறுத்தினால் அதைத் தன் கட்சிக்காரனிடமே உரக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் சீட்டு கொடுக்கும் மாவட்டச் செயலாளர் காதுக்குப் போகும். போகாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. வேட்பாளர் பட்டியல் வந்த மறுநாளே பெயர்களை மாற்றும் கட்சிகள் நம்முடையவை.

வாக்காளர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை, சாதியும் பணமும் அலையும்தான் முடிவுசெய்கின்றன என்ற இளக்காரம் நகரத்து மேசைகளில் நிறைய உண்டு. 2019 இடைத்தேர்தல் முடிவுகளை அவர்கள் எடுத்துப் பார்க்கலாம். ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து, தகுதிநீக்கத்தால் காலியானவற்றில் பெரும்பாலானவை உட்பட 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாக்காளர், ஒரே நாள், ஒரே சாவடி, இரண்டு எந்திரம். மக்களவைக்கு தி.மு.க. கூட்டணி தேனி தவிர எல்லாவற்றையும் வாரிக்கொண்டது. அலை என்றால் அதுதான் அலை. ஆனால் அந்த 18 சட்டமன்றத் தொகுதிகளில் எட்டில் அ.தி.மு.க. வென்றது. தர்மபுரி மக்களவைத் தொகுதியில் தி.மு.க. ஜெயித்தது, அதற்குள்ளேயே இருக்கும் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் அ.தி.மு.க.வுக்குப் போயின. தேனியில் தலைகீழ். மக்களவைக்கு அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் குமார் வென்றார்; எதிர்த்து நின்ற காங்கிரசின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் ஈரோட்டுக்காரர். அதே தேனிக்குள் இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்றத் தொகுதிகளை தி.மு.க. பிடித்தது. எல்லாவற்றுக்கும் வேட்பாளர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இருக்கிற ஆட்சி கவிழ வேண்டாம் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இரண்டு பொத்தானையும் இரண்டு விதமாக அழுத்தியவர்கள் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் அழுத்தினார்கள். வாதம் நடக்காத இடத்தில் இப்படி ஒரு முடிவு பிறக்காது.

ஆண்டிபட்டியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தி.மு.க. வேட்பாளர் மகாராஜன், அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜன், இருவரும் உடன்பிறந்தவர்கள். சாதி பார்த்துப் போடுகிறவர் அங்கே என்ன செய்வார்? இது ஓர் அதீத உதாரணம்தான். ஆனால் பெரிய கட்சிகள் ஒரு தொகுதியில் எண்ணிக்கை அதிகமுள்ள சாதியிலிருந்தே ஆளைப் பொறுக்குவது வழக்கமாகிவிட்டதால், பல தொகுதிகளில் சாதிக் கணக்கு இருபக்கமும் சமமாகி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. அதற்கப்புறம் மிச்சமிருப்பது கட்சியும் ஆளும்தான்.

பணத்தின் கதையை அரவக்குறிச்சி சொல்லும். ஓட்டுக்குப் பணம் விநியோகம் என்ற காரணத்தால் 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டிலும் தேர்தலையே ரத்து செய்தது தேர்தல் ஆணையம். நவம்பரில் மறுபடி நடத்தியபோது பெரிய கட்சிகள் இரண்டும் அதே வேட்பாளர்களையே நிறுத்தின. இரண்டிலும் அ.தி.மு.க. வென்றது. வென்ற இருவருமே, செந்தில்பாலாஜியும் ரங்கசாமியும், பின்னால் தகுதிநீக்கமான 18 பேரில் அடங்குவர். 2019 மே 19-இல் அரவக்குறிச்சி மறுபடி சாவடிக்குப் போனது. இரட்டை இலையில் ஜெயித்த செந்தில்பாலாஜி இப்போது உதயசூரியனில் நின்றார், மறுபடியும் ஜெயித்தார். சின்னம் மாறியும் ஆள் மாறவில்லை. அதே சமயம், அந்த 18 பேர் பின்தொடர்ந்த டி.டி.வி. தினகரனின் அ.ம.மு.க. சார்பில் நின்ற மற்ற தகுதிநீக்க எம்.எல்.ஏ.க்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஆக, ஆள் மட்டும் போதும் என்பதும் பொய், சின்னம் மட்டும் போதும் என்பதும் பொய். அரவக்குறிச்சியில் நடந்தது நல்ல தேர்வா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம் உண்டு. கட்சி மாறி வந்தவரிடம் ஏன் மாறினீர்கள் என்ற கேள்வி போதுமான அளவு கேட்கப்பட்டதா என்பதுதான் அந்தச் சந்தேகம்.

தனி ஒருவன் யோசித்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்புக்கு எண்களே பதில். 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். 2021-இல் தி.மு.க. கூட்டணி பெரிய வெற்றி பெற்றபோதும் தியாகராய நகரில் வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் அந்தக் கூட்டணியின் சுப்புலட்சுமி ஜெகதீசன் தோற்றது 281-இல், தி.மு.க. பொதுச்செயலாளர் துரைமுருகனே காட்பாடியில் 746 ஓட்டில்தான் தப்பிப் பிழைத்தார். ஒரு தெருவில் நடக்கும் வாதம் திசைமாற்றக்கூடிய எண்கள் இவை. இன்னும் பின்னால் போனால், 1967-இல் விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

வாதிக்கத் தேவையான சரக்கும் இப்போது கையில் கிடைக்கிறது. 2002-க்கு முன்பு வேட்பாளரின் சொத்து என்ன, வழக்கு என்ன என்பது வதந்தியாகத்தான் ஊருக்குத் தெரியும். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் தன்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் வெளியிட வேண்டும் என்று 2020-இல் நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் எழுதும் அந்தக் காரணங்களைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் படித்துவிட்டுச் சிரிப்பது, படிக்காமல் இருப்பதைவிட மேல். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

அடுத்த முறை திறந்த ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டு வருகிறவரைத் தெருமுனையில் நிறுத்திக் கேளுங்கள்: உங்கள் தலைவர் நாளை இல்லையென்றால் யார் பக்கம் நிற்பீர்கள், அதை எங்களிடம் கேட்டுவிட்டு முடிவுசெய்வீர்களா, கேட்காமலா?