அடிபட்டவரின் காயங்களைக் கழுவுவோம்



மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தை நம் கரையோர மக்கள் யாவரும் அறிவார்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்குத் திரளான ஜனங்கள் கூடி வருகிறார்கள். ஆனால் அந்தச் சிலுவைக்கு முந்தின இரவில் ஆண்டவர் காவலில் இருந்தார் என்பதை அநேக வேளைகளில் நாம் நினைப்பதில்லை. விசாரணையின்போது சேவகன் ஒருவன் அவரை அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனாலும் மௌனமாயும் இருக்கவில்லை. தாம் பேசியதில் தவறு இருந்தால் அதைக் காட்டும்படியும், இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் கேட்டார். (யோவான் 18:23)

அந்தக் கேள்வி 2020-ல் நம் மாவட்டத்திலேயே மீண்டும் எழுந்தது. சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்தி வந்த பென்னிக்ஸும் அவருடைய தகப்பனார் ஜெயராஜும், ஊரடங்கு நேரத்துக்குப் பின் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி, ஜூன் 19 அன்று காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். இரவு முழுவதும் அடிக்கப்பட்டார்கள். மறுநாள் சிறைக்கு அனுப்பத் தகுதியானவர்கள் என்று மருத்துவச் சான்று வழங்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ம் தேதி இரவு மகனும், 23-ம் தேதி அதிகாலையில் தகப்பனும் இறந்துபோனார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே இதைக் கையில் எடுத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து, ஆய்வாளர் உட்படக் காவலர்கள்மேல் கொலை வழக்குத் தொடர்ந்தது.

மருத்துவ ஊழியம் செய்கிற எங்களை அதிகமாய் உறுத்துவது அந்தச் சான்றிதழே. தடியடியில் எலும்பு முறியாமலும் இருக்கலாம். ஆனால் நசுங்கிய தசையிலிருந்து வெளிப்படும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சிறுநீர் குறைந்து, கருஞ்சிவப்பாய் மாறுவது அதன் அறிகுறி. உடையைக் களைந்து உடல் முழுவதையும் பாராத பரிசோதனையில் இது தப்பிப்போகும். உரிய நேரத்தில் கண்டால் உயிரைக் காப்பாற்ற வழி உண்டு.

ஆகவே சட்டமும் மருத்துவருக்குக் கடமை விதித்திருக்கிறது. கைதானவருடைய காயங்களையும், அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் மருத்துவர் பதிவுசெய்ய வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடுகிறவருக்கோ கொடுக்க வேண்டும். காவலில் உள்ளவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றும், கைதானதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே கூறியது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம்.

"குற்றவாளியை அடித்தால் என்ன?" என்று நம் சபைகளிலும் சிலர் கேட்கிறார்கள். மனிதன் தேவசாயலாய்ப் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமம் சொல்லும்போது, குற்றமற்றவன் மாத்திரம் என்று பிரித்துச் சொல்லவில்லை. குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுல், மறுநாள் இரகசியமாய் வெளியேற மறுத்து, அதிகாரிகளே நேரில் வரவேண்டும் என்றார். நியாயம் கேட்பது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல.

அதே பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் அந்த இராத்திரியிலேயே பவுல், சீலாவின் காயங்களைக் கழுவினான். சீருடைக்குள்ளும் மனச்சாட்சி விழிக்கும். சாத்தான்குளத்திலும் தலைமைக் காவலர் ரேவதி, மிகுந்த அச்சத்தின் நடுவிலும், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் சொன்னார்கள். ஆகையால் காவல்துறையினரைப் பகைக்கும்படி நாங்கள் எழுதவில்லை. அவர்களில் அநேகர் நம் சபைப் பிள்ளைகளே.

காயப்பட்டு வருகிற எவரையும், யார் அழைத்து வந்தாலும், முழுமையாய்ப் பரிசோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதுவதே எங்கள் ஊழியம். உங்கள் காணிக்கை இதற்கும் துணைநிற்கிறது. காவலில் இருப்போருக்காகவும், காவல் காப்போருக்காகவும், கையெழுத்திடும் மருத்துவர்களுக்காகவும் ஜெபியுங்கள். உங்கள் தெருவில் ஒருவர் கைதானால், அவர் வீட்டாரைத் தனியே விடாமல் காவல் நிலையம்வரை உடன் செல்லுங்கள்.

ஆண்டவருடைய பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்