கணக்கில் வராமல் மீண்டவர்கள்

வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்ப விமானம் ஏற வேண்டுமென்றால், 1971 ஜூன் முதல் அமெரிக்கச் சிப்பாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது: சிறுநீர் பரிசோதனையில் தேற வேண்டும். போதைப்பொருள் தென்பட்டால் பயணம் தள்ளிப்போகும். சில நாள் அங்கேயே வைத்து, உடம்பு தெளிந்த பிறகுதான் அனுப்புவார்கள். அங்கே கிடைத்த ஹெராயின் சுத்தமானது, விலையும் மலிவு. சிகரெட் தூளோடு கலந்து புகைத்தாலே போதும் என்பதால் ஊசி தேவைப்படவில்லை. இத்தனை பேர் ஹெராயினோடு வந்து இறங்கினால் நகரங்கள் என்னாகும் என்று வாஷிங்டன் பதறியது. போதையே நாட்டின் முதல் எதிரி என்று அதே ஜூனில் அதிபர் நிக்சன் அறிவித்திருந்தார்.

அரசின் போதை ஒழிப்புப் பொறுப்பில் இருந்த டாக்டர் ஜெரோம் ஜாஃபே, வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கச் சொன்னார். செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ராபின்ஸ் அந்த வேலையை ஏற்றார். 1971 செப்டம்பரில் திரும்பியவர்களில் ஏறத்தாழ 900 பேரை, அடுத்த ஆண்டு அவரவர் ஊரிலேயே தேடிப்பிடித்துப் பேட்டி கண்டது அவர் குழு. முடிவில் சிறுநீர் மாதிரியும் கேட்டு வாங்கியது. ராணுவக் கோப்பில் போதைப் பழக்கம் பதிவாகியிருந்தவர்களில் அநேகமாக எல்லோருமே அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே பொய் சொல்லியிருப்பார்கள் என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

திரும்பியவர்களில் ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். அப்படி அடிமையானவர்களில் ஊர் வந்த முதல் ஆண்டில் மறுபடி சிக்கியவர்கள் 5 சதவீதம்தான். மூன்றாண்டுக் கணக்கிலும் 12 சதவீதத்தைத் தாண்டவில்லை. சிகிச்சைக்குப் போனவர்களோ மிகச் சொற்பம். இன்னும் வியப்பானது, அடிமையாயிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊர் வந்த பிறகும் ஹெராயினைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் மறுபடி அதில் விழவில்லை. இதை அன்று பலர் நம்பவில்லை.

இடம் மாறியது, பழக்கமும் போயிற்று என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஊரிலும் ஹெராயின் கிடைத்ததே! ராபின்ஸ் 1993-இல் இதைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது வேறொன்றைக் கேட்டார்: இது வியட்நாமுக்கு மட்டுமான அதிசயமா, அல்லது எங்கும் இப்படித்தான் நடக்கிறதா? எனக்கு இதுதான் சரியான கேள்வி என்று படுகிறது. சிகிச்சை மையத்தின் வாசலில் நின்று பார்த்தவர்கள் இதற்குமுன் வேறு விடை சொல்லிவந்தார்கள். டீக்கடைக்குள் எந்நேரம் எட்டிப்பார்த்தாலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்தான் கண்ணில் படுவார், நின்றபடி குடித்துவிட்டுப் போனவர் படமாட்டார். டாக்டர்களுக்கும் இதே மயக்கம் உண்டு என்று பாட்ரிஷியா கோஹென், ஜேக்கப் கோஹென் இருவரும் 1984-இல் விளக்கினார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 1962-இல் சார்லஸ் வினிக் என்பவர், பலர் முப்பதுகளின் நடுவில் தாமாகவே போதையை உதறிவிடுகிறார்கள் என்று எழுதினார். அவர் புரட்டியது அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறையின் கோப்புகளை. ஐந்தாண்டு பெயர் மறுபடி வராதவரை விட்டவராகக் கொண்டார். அதற்குள் இறந்தவரும் பிடிபடாமல் தப்பியவரும் அதே பட்டியலில்தானே சேர்ந்திருப்பார்கள்!

மதுவுக்கு வந்தால் அளவுகோலே வழுக்குகிறது. “ஒரு குவாட்டர்தான் சார்” என்பவர் எவ்வளவு குடிக்கிறார்? 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு டிரிங்க் 10 கிராம், எனவே அது ஆறு டிரிங்க். பிரிட்டனில் அலகு 8 கிராம் என்பதால் ஏழரை. அமெரிக்காவில் 14 கிராம் என்பதால் நான்கு சொச்சம். ஞாபகமும் கைகொடுக்காது. அதனால்தான் ஆய்வாளர்களான சோபெல் தம்பதி, காலண்டரை முன்னால் விரித்து, சம்பள நாள், பண்டிகை, கல்யாணம் என்று ஒவ்வொன்றாக நினைவூட்டிக் கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கனடாவில் அவர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், குடிப்பிரச்சினையிலிருந்து மீண்டவர்களில் நான்கில் மூவர் சிகிச்சையே பெறாதவர்கள்.

மீண்டவர் என்று யாரைச் சொல்வது? அமெரிக்காவில் 2001-02-இல் 43,093 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், முன்பு மதுவுக்கு அடிமையாயிருந்தவர்களில் கால்வாசிப் பேர் இன்னும் அப்படியே இருந்தார்கள். அறவே விட்டவர் 18 சதவீதம். ஆபத்தில்லாத அளவில் நிறுத்திக்கொண்டவர் கிட்டத்தட்ட இன்னொரு 18. மற்றவர்கள் இடைப்பட்ட நிலையில். சொட்டுக்கூடக் கூடாது என்பவருக்கு 18, அளவோடு குடிப்பவரையும் சேர்ப்பவருக்கு 36. முன்பு அடிமையாயிருந்த இந்த மொத்தப் பேரிலும் எப்போதாவது சிகிச்சை பெற்றவர் சுமார் நான்கில் ஒருவர்.

இந்தியாவில் எய்ம்ஸ் குழு 2019-இல் தந்த அறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேரும் தாமாகத் தேறிவிடுவார்கள் என்று வியட்நாமைக் காட்டிச் சொல்லலாமா? கூடாது. அந்தச் சிப்பாய்கள் இளைஞர்கள், பழக்கம் சில மாதத்தது, திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. இருபது வருஷமாகத் தினம் குடிப்பவருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

நம் பக்கம் சிகிச்சை என்று யாரும் பெயரிடாத ஒரு நிறுத்தம் இருக்கிறது: சபரிமலைக்கு மாலை போடுவது. கார்த்திகையில் மாலை போட்டவரிடம், “கடந்த 30 நாளில் குடித்தீர்களா?” என்று மார்கழியில் கேட்டால், குடிக்காதவர் பட்டியலில் சேருவார். தை பிறந்ததும் கதை மாறலாம். மாறாமலும் போகலாம். இரண்டும் தெரிய வேண்டுமென்றால் அதே ஆளிடம் ஆடியிலும் போய்க் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர், மாலை போடுவதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். ஹெராயினை விடும்போது உடம்பு படாத பாடு படும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு மோசமில்லை. மதுவை விடும்போது உயிரே போகக்கூடும். ஒருசில நாள் மருந்தும் கண்காணிப்பும் இருந்தால் அதைத் தடுத்துவிடலாம்.