ஏற்றத்தில் நின்றுபோகும் வைப்பர்

பழைய பெட்ரோல் ஜீப்பை மழை நாளில் ஏற்காட்டுக்கு ஓட்டியவர்களுக்கு இது பழகிய தொல்லை. அடிவாரத்தில் ஒழுங்காக அடித்த வைப்பர், ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் சோர்ந்து பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். வளைவில் காலை எடுத்தால் மறுபடி படபடவென்று அடிக்கும். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70.

வில்லிஸ் ஜீப்பிலும் அதன் வழிவந்த பழைய ஜீப்புகளிலும் வைப்பரை ஆட்டுவது கரண்ட் அல்ல, வேக்கம். பிஸ்டன் காற்றை இழுக்கிறது. கார்பரேட்டரில் உள்ள தகடு அதைத் தடுக்கிறது. அதனால் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. அங்கிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வைப்பர் டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் ஒரு தகடு. அதன் ஒரு பக்கம் வேக்கம் இழுக்க, மறுபக்கம் வெளிக்காற்று தள்ள, தகடு இப்படியும் அப்படியும் ஆடும். ஐடிலிங்கில் இந்த இழுவை பாதரசக் கணக்கில் 18 முதல் 20 அங்குலம் இருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் தடுக்கும் தகடு திறந்துகொள்ளும், இழுவை ஏறக்குறைய பூஜ்யமாகும். போதாக்குறைக்கு, சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தமே ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

டீசல் எஞ்சினுக்கு மாற்றிய ஜீப்பிலோ மேனிஃபோல்டில் வேக்கமே கிடைக்காது. காற்றைத் தடுக்கும் தகடு டீசலில் இல்லை. அதனால்தான் ஆல்டர்னேட்டரின் பின்னால் தனி வேக்கம் பம்ப் வைக்கிறார்கள்.

இந்தத் தொல்லை தீர, வேக்கம் வைப்பரைக் கழற்றிவிட்டுக் கரண்டில் ஓடும் மோட்டார் வைக்கலாம். மாற்றுவதற்கு முன் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது அதன் வாயில் விரலை வையுங்கள். விரலைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் ஹோஸ் வெடித்திருக்கலாம். சிறு செலவில் முடிந்துவிடும். இழுவை நன்றாக இருந்தும் மலையில் நிற்கிறது என்றால் மோட்டார்தான் வழி.

பழைய டப்பாவின் துளையிலேயே உட்காரும் மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிச் சட்டத்தில் புதுத் துளை போடவே கூடாது. இந்த வண்டிகளின் மதிப்பே தகரம் கெடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. வோல்ட் முக்கியம். நாமக்கல்லில் லாரி சாமான் எளிதாகக் கிடைக்கும், ஆனால் பல லாரிகளில் 24 வோல்ட். அந்த மோட்டாரை 12 வோல்ட் ஜீப்பில் மாட்டினால் நகரும், துடைக்காது. போர்க்கால வில்லிஸ் என்றால் 6 வோல்ட். அதில் 12 வோல்ட் மோட்டாரும் அப்படித்தான் திணறும்.

வயரிங்கில் பலர் கோட்டைவிடுவது எர்த்தில். ஜீப்பின் முன்கண்ணாடி கீலில் மடங்குவது. கீலில் பெயின்டும் துருவும் இருப்பதால் அதன் வழியாக எர்த் சரியாக வராது. மோட்டார் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. மோட்டாரிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் எர்த் வயர் இழுங்கள். கண்ணாடியை மடக்கும்போது இழுபடாதபடி கீலருகே வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் முனையிலிருந்து ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். ஃபியூஸ் அளவு மோட்டாரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பொறுத்தது. ஸ்விட்சை அணைத்ததும் பிளேடு தானாக ஓரத்துக்குப் போக வேண்டுமானால், அதற்குரிய பார்க்கிங் வயருக்கும் சேர்த்தே இணைப்புக் கொடுக்க எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, மேனிஃபோல்டில் வைப்பர் ஹோஸ் இருந்த துளையை இறுக அடைக்க வேண்டும். திறந்து கிடந்தால் கணக்கில்லாத காற்று உள்ளே போய் ஐடிலிங் நடுங்கும், எஞ்சின் சூடாகும். அடைப்பதற்கு முன் அந்த ஹோஸ் வைப்பருக்குத்தான் போகிறதா என்று கையால் தொட்டுத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் பொருத்திய வண்டியில் அதற்கும் இங்கிருந்துதான் வேக்கம் போகும்.