பின்சக்கரத்தில் அறுந்த கம்பி

மல்லிப்பட்டினத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நானும் என் அத்தை மகனும். சென்னையிலிருந்து கிளம்பி அன்று ஐந்தாம் நாள். என் பின்சக்கரத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்தவன்தான் கத்தினான்: “மச்சான், நிறுத்து! பின்வீல் பாம்பு மாதிரி நெளியுது.”

இறங்கிப் பார்த்தால் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்து தொங்குகிறது. ரிம் இடப்பக்கம் ஒதுங்கி பிரேக் கட்டையில் உரசுகிறது. அந்த இடத்தில் சாலை வழவழவென்று இருந்தது. பள்ளம் ஏதும் இல்லை. பிறகு ஏன் அறுந்தது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், சைக்கிள் சக்கரம் எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என்று மூன்று உறுப்புகள். வண்டியின் பாரம் குடத்தில் இறங்கி, அடியில் இருக்கும் ஆரக்காலை அழுத்தித் தரையில் நிற்கிறது. தடித்த மரம், தாங்குகிறது. சைக்கிளின் ஆரக்காலோ 2 மில்லிமீட்டர் கம்பி. எடை ஏறக்குறைய ஏழு கிராம்தான். அதை நிறுத்திவைத்து விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். ஆனால் இழுத்தால்? ஒரே கம்பி இருநூறு கிலோவுக்கு மேல் தாங்கும். இந்தப் பலத்தைத்தான் சக்கரம் பயன்படுத்திக்கொள்கிறது. கயிற்றுக் கட்டிலில் கயிற்றை இறுக்குவதுபோல, எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கேற்றி வைத்துவிடுகிறார்கள். நல்ல பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பி ஒவ்வொன்றும், யாரும் ஏறி உட்காராத போதே நூறு கிலோ அளவுக்கு இழுபட்டு நிற்கிறது.

நாம் ஏறி உட்கார்ந்ததும் மேலே இருக்கும் கம்பிகள்தான் நம்மைத் தூக்கிப் பிடிக்கின்றன என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. மற்றக் கம்பிகளின் இழுவிசை ஏறக்குறைய அப்படியே இருக்க, தரைக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளில் மட்டும் அது சட்டென்று குறைகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் எழுதிய ‘தி பைசைக்கிள் வீல்’ நூல் இதை விளக்கமாகப் பேசுகிறது.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. என் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய 24 லட்சம் முறை. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான், மிகச் சிறிய அளவில், லட்சக்கணக்கான தடவை. அறுந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குடத்தின் துளைக்குள் கொக்கிபோல் வளையும் இடத்தில் அறுந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி மங்கி வழவழப்பாக இருந்தது. மீதி பளிச்சென்று சொரசொரப்பாக இருந்தது. மங்கிய பாதி எப்போதோ விரிசல் விட்டு நாளாக நாளாக வளர்ந்த பகுதி. பளிச்சென்ற பாதிதான் அன்று, மல்லிப்பட்டினம் தாண்டி, அறுந்தது.

அறுந்தது பின்சக்கரத்தில், அதுவும் வலப்பக்கம் என்பதும் தற்செயல் அல்ல. ஆளின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல்தான். மூட்டையும் அங்கேதான். செயின் இழுக்கும் விசையும் அந்தக் கம்பிகள் வழியாகத்தான் ரிம்முக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் கம்பிகளை மையத்திலிருந்து நேராகக் கட்டாமல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகக் கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கொண்டுவந்த முறை இது. வலப்பக்கம் பல்சக்கரங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் அவற்றை இடப்பக்கத்தைவிட அதிகமாக முறுக்கியாக வேண்டும்.

சரி, நடுவழியில் என்ன செய்வது? புதுக்கம்பி கையில் இருந்தாலும் வலப்பக்கத்தில் அதைக் கோக்க வழியில்லை. பல்சக்கரத்தைக் கழற்றினால்தான் துளை தெரியும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். அதனால் தொங்கிய கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றி விட்டோம். அப்படியே விட்டால் கியருக்குள் மாட்டி மொத்தத்தையும் நாசம் செய்துவிடும். அடுத்து கோட்டம் எடுக்கும் வேலை. ரிம்மில் அறுந்த கம்பியின் இருபுறமும் இருப்பவை இடப்பக்கக் கம்பிகள். எதிர்த்து இழுக்க ஆள் இல்லாததால் அவை ரிம்மைத் தம் பக்கம் இழுத்துவிட்டன. அந்த இரண்டின் நிப்பிளையும், அதாவது கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் சிறு திருகையும், அரைச் சுற்றுத் தளர்த்தினேன். டயர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் திருகினால் இறுகும், எதிர்த் திசையில் தளரும். அவன் சைக்கிளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னும் கொஞ்சம்... போதும் மச்சான், போதும்.” பின்பிரேக்கைக் கழற்றி விட்டோம். உரசல் நின்றது.

துணையின் அருமை அதன் பிறகுதான் தெரிந்தது. அவன் ஓட்டி வந்தது மாமாவின் பழைய பெரிய சைக்கிள். அந்த வகையில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பி வைப்பது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். என் கியர் சைக்கிளில் பின்னாலும் 32 தான், அதிலும் இப்போது ஒன்று குறைவு. என் பைகள் இரண்டையும் அவன் சைக்கிளில் ஏற்றினோம். பிறகு ஆளும் மாறினோம். என்னைவிட அவன் பன்னிரண்டு கிலோ குறைவு. அடிபட்ட சக்கரத்தில் உட்கார வேண்டியவன் அவன்தான். சீட்டை இறக்கிக் கொடுத்தேன். முன்பிரேக்கை மட்டும் நம்பி அவன் மெதுவாக ஓட்ட, சக்கரத்தைப் பார்த்தபடி நான் பின்னால் வந்தேன். தனியாக வந்திருந்தால் அந்தச் சுமையோடு உருட்டிக்கொண்டுதான் போயிருப்பேன்.

பேராவூரணியில் ஒரு சைக்கிள் கடை. பெரியவர் ஒருவர் பல்சக்கரத்தைக் கழற்றிப் புதுக்கம்பி கோத்தார். பிறகு சக்கரத்தை மெல்லச் சுற்றியபடி ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிக் காதுகொடுத்துக் கேட்டார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பொத்தென்று ஒலித்தால் அது தளர்ந்த கம்பி. என் சக்கரத்தில் அப்படி நான்கு இருந்தன. “தம்பி, தளந்த கம்பிதான் சீக்கிரம் அறும். ஊருக்குப் போனதும் இந்தப் பக்கம் பூராவும் மாத்திருங்க. ஒண்ணு போச்சுன்னா கூட இருக்கிறதுக்கும் அதே வயசுதானே” என்றார்.

நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் முந்தின நாள் இரண்டு சக்கரங்களையும் சுண்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. நிப்பிளைத் திருகும் ஸ்போக்ஸ் சாவி ஒன்றும், உங்கள் சக்கரத்தின் அளவில் கம்பி நாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் நீளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடும். கடையில் அளந்து, இரண்டிலும் கேட்டு வாங்குங்கள்.