பின்சக்கரப் பிரேக்கின் பிஸ்டனை உள்ளே செலுத்தும் முறை

சங்கங்கள் சிலவற்றிலும், அங்கத்தினர் பலரின் இல்லங்களிலும் இன்று மோட்டார் கார்கள் உள்ளன. தேய்ந்த பிரேக் பேடுகளை மாற்றுவது சாதாரண வேலையே. ஆயினும் பின்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் அமைந்த கார்களில் இதனைத் தவறாகச் செய்தால், காலிப்பர் முழுவதையும் மாற்றும் பெருஞ்செலவு நேரும், கைப்பிரேக்கும் கெடும். ஆதலின் இதன் அமைப்பை நாம் அறிந்திருத்தல் நலம்.

பிரேக் மிதியை அழுத்தும்போது, பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடுகளை டிஸ்க்கின் மீது இறுக்கி வண்டியை நிறுத்துகிறது. பேடு தேயத் தேயப் பிஸ்டன் மேலும் வெளியே வந்து நிற்கும். புதிய பேடு தடிப்பானது. அதற்கு இடம் தரப் பிஸ்டனை மீண்டும் உள்ளே செலுத்த வேண்டும்.

முன்சக்கரத்தில் கிளாம்ப் கொண்டு நேராக அழுத்தினால் போதும். பின்சக்கரத்திலோ, பல கார்களில் கைப்பிரேக்கும் அதே பிஸ்டனையே இயக்குகிறது. அதன்பொருட்டு, தேய்மானத்திற்கேற்பத் தானே நீளும் திருகு ஒன்று பிஸ்டனுக்குள் உள்ளது. நெய்த துணியைச் சுற்றும் உருளையின் பற்சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். தடுப்பை நீக்காமல் அதைப் பின்னோக்கித் திருப்பினால் பல் முறியும். இத்திருகும் அத்தகையதே. நேராக அழுத்தினால் உள்ளுறுப்பு சிதையும். அழுத்தியவாறே திருகினால்தான் பிஸ்டன் உள்ளே செல்லும்.

முதலாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக் கைப்பிரேக்கைத் தளர்த்துக. தூக்கிய வண்டியை ஜாக்கி மட்டும் தாங்கி நிற்றலாகாது; ஸ்டாண்டும் வேண்டும்.

இரண்டாவதாக, ஆயில் கிண்ணத்தைப் பார்த்துக்கொள்க. பிஸ்டன் உள்ளே செல்லுகையில் ஆயில் மேலேறும். வழிந்தால் வண்டியின் வர்ணத்தை அரிக்கும்.

மூன்றாவதாக, பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளங்களில் பொருந்தும் கருவியால் அழுத்தித் திருகுக. பெரும்பாலும் வலப்புறமாகத் திருக வேண்டும். சில கார்களில் இடப்புறமாக. கையேட்டைப் பார்த்துத் துணிக. ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளலாகாது. காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடுவதும் தவறு.

நான்காவதாக, பேட்டின் பின்புறம் முளை இருப்பின், அது பிஸ்டனின் பள்ளத்தில் பொருந்துமாறு நிறுத்துக.

ஐந்தாவதாக, வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்தி, அது உறுதியாகும் வரை காத்திருக்க. இதனை மறந்தால் முதல் அழுத்தத்தில் வண்டி நில்லாது.

பொத்தானால் இயங்கும் மின்சாரக் கைப்பிரேக் உள்ள கார்களில் முறை வேறு. முதலில் அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொணர்ந்து மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். அதன்பின், பெரும்பாலும் திருகாமல் நேராகவே அழுத்தலாம்.

அங்கத்தினர் யாவரும் இவ்வேலையைத் தாமே செய்ய வேண்டுமென்பதில்லை. பட்டறையில் வண்டியை விடுமுன், “பின் பிஸ்டனைத் திருகும் கருவி உள்ளதா?” என்று கேட்டல் போதும். சரிவில் நிறுத்திய காரை, ஓட்டுபவர் இறங்கிய பின்னும் பிடித்து நிற்பது அக்கைப்பிரேக்கே. பக்கத்தில் விளையாடும் குழந்தையின் உயிரும் அதனைப் பொறுத்ததே.