அணைந்த கைபேசியை அடையாத அழைப்பு

தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்விகம் திருநெல்வேலிப் பகுதி. ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் காண அவர்களுக்குக் காணொளி அழைப்பே துணை. ஒருநாள் அது செல்லாவிட்டால் மனம் பதறுகிறது. பல வேளைகளில் காரணம் எளியது. மறுமுனையில் கைபேசி அணைந்திருக்கும்.

கைபேசி இயங்கும்போது அருகிலுள்ள கோபுரத்தின் வழியே தன் இருப்பை வலையமைப்பில் பதிவு செய்துகொள்கிறது. முறையாக அணைக்கும்போது, விடைபெறும் செய்தியொன்றை அனுப்பிவிட்டே ஓய்கிறது. ஆகவேதான் சாதாரண அழைப்பில் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்ற அறிவிப்பு கேட்கிறது. வாட்ஸ்அப் காணொளி அழைப்போ இணையம் வழியே செல்வது. சர்வர் செய்தி அனுப்பினாலும் அதனைப் பெற்று மணியடிக்க மறுமுனையில் இயங்கும் கருவி இல்லை. அழைப்பவரின் திரையில் ‘ரிங்கிங்’ தோன்றாமல் ‘காலிங்’ என்றே நிற்கும். இணையம் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தாலும் இவ்வாறே நிற்கும் என்பதால், சாதாரண அழைப்பையும் ஒருமுறை முயல்வது நன்று.

அணைந்த கருவியை எவராலும் அழைக்க இயலாது என்னும் இதே உண்மை, இன்னொரு வேளையில் நமக்குக் காப்பாகிறது. காவல் அதிகாரி வேடத்தில் காணொளியில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி குறித்து 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் வானொலி உரையில் எச்சரித்தார். சட்டத்தில் அத்தகைய கைது இல்லை. “அழைப்பைத் துண்டிக்காதீர்கள், வீட்டாரிடம் பேசாதீர்கள்” என்று மோசடிக்காரர்கள் வற்புறுத்துவதன் காரணம், அந்தத் திரையைத் தவிர அவர்களுக்கு வேறு பிடி இல்லை என்பதே.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தனித்து வாழும் மூத்த வாடிக்கையாளர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான்: அத்தகைய அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள். மீண்டும் மீண்டும் அழைத்தால் கைபேசியை அணைத்துவிடுங்கள். பிறகு அண்டை வீட்டாரின் கைபேசியிலிருந்து பிள்ளைகளிடம் பேசுங்கள். 1930 என்ற எண்ணில் புகார் அளியுங்கள். பணம் அனுப்பியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

காணொளி வழியே வாடிக்கையாளரை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வங்கிகளுக்கு அனுமதி அளித்தது. அம்முறையில் பேசும் வங்கி அலுவலர், உங்கள் வைப்புத்தொகையை வேறு கணக்கிற்கு மாற்றுமாறு ஒருபோதும் கேட்கமாட்டார். ஐயம் எழுந்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கிளைக்கு நேரில் வாருங்கள்.