எதிர்ப்பாட்டின் ஈர்ப்பு

கலகலப்பாகப் பேசுபவரைச் சுற்றிக் கூட்டம் கூடுவதும், கூச்சத்தோடு ஒதுங்கி நிற்பவரை அதே கூட்டம் கவனியாமல் கடந்துபோவதும் ஏன் என்னும் கேள்விக்கு, மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ‘டொண்டாங் சாயாங்’ என்னும் பாட்டுக்கலை தெளிவான விடை தருகிறது. வயலினும் ரெபானா என்னும் தோற்கருவியும் சேகண்டியும் ஒலிக்க, இருவர் மாறி மாறிப் பந்துன் தொடுக்கும் இக்கலையை மலாய்க்காரர், சீன வழிவந்த பாபா ஞோஞ்ஞா, போர்த்துகீசிய வழியினர் ஆகியோருடன், சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகளும் பேணி வருகின்றனர். 2018இல் யுனெஸ்கோ இதனை அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பந்துன் நான்கடிப் பாட்டு. முதலிரண்டு அடிகளாகிய ‘பெம்பாயாங்’ ஒரு காட்சியை நிழலாகக் காட்ட, பின்னிரண்டு அடிகளாகிய ‘மக்சூட்’ கருத்தை வெளியிடும். முதலடி மூன்றாமடியோடும் இரண்டாமடி நான்காமடியோடும் ஈற்றொலியில் இயையும். எத்தனை பந்துன் மனப்பாடமாக இருந்தாலும், எதிரில் இருப்பவர் எடுத்த பொருளைப் பற்றிக்கொண்டு, அதற்குப் பொருந்துவதைத் தேர்ந்தோ புதிதாகக் கட்டியோ அங்கேயே விடையிறுத்தாக வேண்டும். அவையோர் மயங்குவது குரலினிமையைவிட இந்தச் சமயோசிதத்துக்கே. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பாடும் தஞ்சை வட்டார லாவணியின் சுவையும் இத்தகையதே. சட்டென்று பதில் சொல்லத் தெரிந்தவர் எதிராளியின் சொல்லைக் கூர்ந்து கேட்டவர் ஆகிறார். கூச்சமுள்ளவரோ, தாம் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்னும் கவலையிலேயே அமிழ்ந்து, எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதியைத் தவறவிடுகிறார். தம் பேச்சை ஒருவர் முழுமையாக வாங்கிக்கொண்டார் என்னும் நிறைவு எவரையும் ஈர்க்கும். சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கையில் மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிப்பதாகக் கண்டதும், கலகலப்பு எதிரில் இருப்பவரோடு கொள்ளும் பரிமாற்றத்திலேயே பிறக்கிறது என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் கூச்சத்தைப் பிறவிக்குணம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. மலாக்காவின் ஜாசின் மாவட்டம் உள்ளிட்ட ரப்பர் தோட்டப் பகுதிகளில், விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற தமிழர்களுக்கு, துரை என்னும் மேலாளருக்கும் கிராணி என்னும் எழுத்தருக்கும் முன்னால் வாய் திறவாமை பிழைப்புக்கான நிபந்தனையாகவே இருந்தது. 1938இல் இந்திய அரசின் தடையால் கங்காணி என்னும் தொழிலாளர் மேற்பார்வையாளர் வழி ஆளெடுப்பு நின்ற பின்னரும், அந்த அச்சம் லயங்கள் என்னும் தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளின் நாவில் தங்கிவிட்டது. மனப்பாடப் பேச்சுக்கே பரிசளித்துப் பழகிய பள்ளி மேடைகள், எதிராளியைக் கேட்டு அங்கேயே விடை தொடுக்கும் செட்டிகளின் பயிற்சிக்கும் இடம் தருமானால், அப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளிடம் இன்னும் எஞ்சியிருக்கும் தயக்கம் பெரிதும் குறையும்.